தோளுக்குக் கீழே காணவில்லை

அவளுடைய பெயர் காந்தம் இல்லை. பிரெய்ல் அச்சகத்தில் சேர்ந்த முதல் வருடமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அதைப் பிய்த்தெடுக்க யாராலும் முடியவில்லை. பார்வை இல்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிற புத்தகங்களை அச்சிடும் சின்ன இடம் அது. பைண்டர் அண்ணன் தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்க ஒரு லாடக் காந்தம் வைத்திருந்தார். ஒரு நாள் அதைக் கையில் பிடித்தபடியே அவள் மேசைக்கு வந்தவர், காந்தம் பட்டால் எழுதியதெல்லாம் அழிந்துபோகிற ஃப்ளாப்பி அடுக்கின்மேல் அதைச் சாவகாசமாக வைத்துவிட்டு, "டீ சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார். அவள் போட்ட "காந்தம்!" என்ற கூச்சலில் பக்கத்துத் தையல்கடையில் தைத்துக்கொண்டிருந்த மெஷினே நின்றுபோனதாகச் சொல்வார்கள். மறுநாளிலிருந்து சின்னவர்களுக்கு அவள் காந்தக்கா, பெரியவர்களுக்குக் காந்தம்மா. 'திருமதி காந்தம்' என்று முகவரி எழுதிப் பார்சல் வந்தபோது அவளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். மறுத்துப் பேசிக்கொண்டிருந்தால் வேலை யார் பார்ப்பது?

அச்சகத்துக் கம்ப்யூட்டர் அவள் சேரும்போதே பழசு. முதுகு பிதுங்கிய மானிட்டர், தேநீர்க் கறை படிந்த பல் மாதிரி மஞ்சளித்த பெட்டி, முன்பக்கம் ஃப்ளாப்பி நுழைகிற வாய். தமிழில் அடித்ததைப் புள்ளிகளாக மாற்றும் புரோகிராமும், அந்தப் புள்ளிகளைத் தடித்த தாளில் டடடடவென்று குத்துகிற மெஷினும் அந்தப் பெட்டி ஒன்றோடுதான் பேசும். யாரோ நன்கொடையாகக் கொடுத்த புதுக் கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிக்குள்ளேயே அலமாரிமேல் உட்கார்ந்திருந்தது. ஒருமுறை அதை இறக்கிப் பார்த்தார்கள். புள்ளி மெஷினின் கேபிளைச் செருக அதில் துவாரமே இல்லை. "அடுத்த வருஷம் ஏதாவது பண்ணலாம்" என்றார் செயலாளர். அவர் சொல்லும் அடுத்த வருஷம் எந்தக் காலண்டரிலும் அச்சானதில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் புரோகிராமுக்கே மூச்சு முட்டும். ஆகையால் புத்தகங்கள் எல்லாம் ஃப்ளாப்பியில். உள்ளங்கை அகலச் சதுரம், உள்ளே வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய கறுப்பு வட்டு, அதை மறைக்க ஒரு குட்டித் தகரக் கதவு. இவ்வளவுதான். இவ்வளவைக் கெடுக்க மனிதர்கள் எத்தனை வழி கண்டுபிடிப்பார்கள் என்பதை அவள் அந்த மேசையிலிருந்தே பார்த்தாள். செயலாளர் பேசும்போது கைக்கு ஏதாவது வேண்டும். தகரக் கதவை நகத்தால் திறந்து திறந்து மூடுவார். போன பிறகு பார்த்தால் உள்ளே வட்டின்மேல் கட்டைவிரல் ரேகை பளிச்சென்று இருக்கும். விற்பனை பார்க்கிற பெண் ஒருமுறை ஃப்ளாப்பியோடு குறிப்புச் சீட்டைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தே அனுப்பிவிட்டாள். ஒருவர் பழைய லேபிளைக் கிழிக்காமல் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஒட்டி, அது வாய்க்குள் போய்ச் சிக்கி, புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

"எழுதிட்டு ஒட்டுங்க. ஒட்டிட்டு எழுதாதீங்க. பேனா முனை உள்ள வட்டை அழுத்தும்" என்பாள்.

"சரி காந்தக்கா" என்பார்கள். ஒட்டிவிட்டு எழுதுவார்கள்.

ஃப்ளாப்பி வாயருகே பச்சை விளக்கு எரியும்போதே பட்டனை அழுத்தி அதை வெளியே எடுப்பவர்களிடம்தான் அவளுக்கு நாக்கு நீளும். "விளக்கு எரிஞ்சா அது எழுதிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். சாப்பிடுறவன் வாயிலேருந்து கவளத்தைப் பிடுங்குவீங்களா?" செவிடன் காதில் ஊதிய சங்கு.

வீட்டிலும் இதே பாடு. புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஃப்ரிட்ஜ் கதவு ஓரத்து ரப்பர் பட்டைக்குள் காந்தம் ஓடும் என்று தெரிந்த நாளிலிருந்து, தோளில் பட்டையை மாலையாகப் போட்டுக்கொண்டு வருகிற மனிதரை அவள் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். காரணம், துணி அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அச்சகத்து ஃப்ளாப்பிகளின் இரண்டாவது காப்பி. ஒரே இடத்தில் இரண்டையும் வைத்தால் ஒரே ஒழுகலில் இரண்டும் போகும் என்பது அவள் கணக்கு. "என் சட்டை கொடியிலேயே கிடக்குது. இவளோட சதுரத்துக்கெல்லாம் அலமாரி" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொல்வார்.

இப்படி இருக்கையில் வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. அவள் லீவு போட்டாள். கிளம்புமுன் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு, உறைமேல் 'தொடாதீர்கள்' என்று சீட்டு ஒட்டி, போதாததற்குப் பைண்டர் அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேத்தி பிறந்தாள். கொஞ்ச நாள் அவள் எதைப் பற்றியும் எரிச்சல்படாமல் இருந்தாள். மகளே பயந்துவிட்டாள்.

திரும்பி வந்த அன்று காலை உறை சீராக இருந்தது. சீட்டும் இருந்தது. ஆனால் பைண்டர் அண்ணன் வழக்கமாக நிற்கிற கட்டிங் மெஷின் பக்கத்தில் இல்லாமல், அவள் மேசை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைம்மா. குழந்தை யாரு ஜாடை?"

"குழந்தை குழந்தை ஜாடை. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. மசாஜ் வேலை கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளி ஒன்று ஊரின் மறுகோடியில் இருந்தது. படிப்பவர்கள் எல்லாருமே பார்வை இல்லாதவர்கள். அங்கிருந்து ஆசிரியை ஒருவர், அவரும் பார்வை இல்லாதவர், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். புது வகுப்பு ஆரம்பிக்கிறது, எலும்பும் தசையும் பற்றிய பாடப்புத்தகம் வேண்டும். அந்தப் பள்ளியிலேயே முன்பு வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் தானே யோசித்து எழுதிய புத்தகம் அது. அச்சுப் புத்தகமாக வந்ததே இல்லை. அவர் டைப் அடித்த தாள்களைக் கரையான் தின்றது, அவரும் காலமாகிவிட்டார். பள்ளியில் இருந்த பழைய பிரதிகள் பிள்ளைகளின் விரல் பட்டே தேய்ந்து, குப்பைக்குப் போய்விட்டன. பள்ளிக்குக் கிடைக்கக்கூடிய மிச்சம், காந்தத்தின் ஃப்ளாப்பி மட்டும்.

"அவ்வளவு தூரம் வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மனசு வரலை" என்றார் பைண்டர் அண்ணன். "நீங்க பண்றதைத் தினம் பார்க்கிறேனே, அதே மாதிரி போட்டேன். டிஸ்க் உள்ள போனதும் கர்ர்ன்னு ஒரு சத்தம்."

"அப்புறம்?"

"அதான் நீங்க சொல்வீங்களே, எதுக்கும் ரெண்டு காப்பி இருக்கணும்னு. நல்ல வேளை, ரெண்டாவதும் டிராயர்லயே இருந்துச்சு. அதைப் போட்டேன்."

"போட்டீங்க."

"அதுவும் கர்ர்."

"அப்புறம்?"

"டிஸ்க் கெட்டதா, மெஷின் கெட்டதான்னு ஒரு சந்தேகம்மா. நல்லா இருக்கிற டிஸ்க் ஒண்ணைப் போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும் இல்லையா?"

"எத்தனை போட்டீங்க?"

அவர் ஒரு செருப்புப் பெட்டியை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். கணிதம், கதைத் தொகுப்பு, பஸ் வழித்தடம், சமையல் குறிப்பு என்று வகைக்கு ஒன்றாக உள்ளே கிடந்தன. ஒவ்வொன்றின் தகரக் கதவையும் விலக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு வட்டிலும் ஊசியால் கோலம் போட்டது மாதிரி ஒரு வளையக் கீறல்.

முதல் ஃப்ளாப்பியில் மட்டும் கீறலோடு வெள்ளைப் புள்ளிகளும் இருந்தன. பூஞ்சை. மழைக்கு அச்சகத்து அலமாரியின் பின்சுவர் ஓதம் குடித்திருந்தது. பூஞ்சை பிடித்த வட்டைச் சுழற்றினால் அந்தப் பொருக்கு, கம்ப்யூட்டருக்குள் வட்டைப் படிக்கிற முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் உள்ளே போகிற நல்லதையெல்லாம் அது சுரண்டும்.

"அகப்பையில கல்லு ஒட்டியிருக்கு அண்ணே. அதே அகப்பையால வீட்டுல இருக்கிற எல்லாப் பாத்திரத்தையும் வழிச்சிருக்கீங்க!"

பைண்டர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் திருப்பிச் சண்டை போட்டிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும். பிறகு அவர் மெல்ல, "காந்தம் ஆகாதுன்னீங்க, வெயில் ஆகாதுன்னீங்க, விரல் படக்கூடாதுன்னீங்க. எல்லாம் கேட்டேன். ஒண்ணு போகலைன்னா இன்னொண்ணைப் போடாதேன்னு மட்டும் நீங்க சொன்னதே இல்லையேம்மா" என்றார்.

அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மற்ற புத்தகங்களுக்கு வீட்டு அலமாரியில் காப்பி இருந்தது. தசைப் புத்தகத்தின் இரண்டாவது காப்பியும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு சின்னத் திருத்தம் போட அவளே அதை அச்சகத்துக்குக் கொண்டுவந்து, நாளை எடுத்துப் போகலாம், நாளை எடுத்துப் போகலாம் என்று டிராயரில் விட்டிருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனுக்குப் போன் போட்டு, அலமாரியில் தேடச் சொன்னபோதே விடை தெரியும். அவர் தேடிவிட்டு, "இல்லை. ஆனா என்னோட நீலச் சட்டை கிடைச்சிடுச்சு" என்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஆனாலும் அந்த மனிதர்தான் பழைய சாமான் கடைகளில் அலைந்து, தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஃப்ளாப்பியைப் படிக்கிற டிரைவ்கள் மூன்றை ஒரு பையில் கொண்டுவந்து போட்டார். ஒன்று அசையவே இல்லை. இன்னொன்று நுழைந்த ஃப்ளாப்பியைத் திருப்பித் தர மறுத்தது. மூன்றாவது வேலை செய்தது. பூஞ்சை பிடித்த வட்டை அவள் ஓடு பிரித்து வெளியே எடுத்தாள். ஓரத்தை மட்டும் பிடித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, மெத்தென்ற துணியில் ஒற்றி, காற்றாட விட்டு, காலி ஃப்ளாப்பி ஒன்றின் ஓட்டுக்குள் வைத்து மூடினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளினாள்.

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் திரையில் மூன்று வழி காட்டும்: கைவிடவா, மறுபடி முயலவா, தோற்கவா. ஏதோ தோற்பதற்கு அதற்கு நம் அனுமதி வேண்டும் என்பது போல. அவள் மறுபடி, மறுபடி என்று அழுத்தினாள். நடுநடுவே படிக்கும் முனையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தாள். மண்டை ஓடு வந்தது. முகம் வந்தது. கழுத்து வந்தது. தோள்பட்டை முடிகிற இடத்தில் திரை நின்றது. அதற்குப் பிறகு என்ன அழுத்தினாலும் அதே மூன்று கேள்விதான். கீறல்பட்ட இரண்டாவது காப்பியோ முதல் பக்கத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

பயிற்சிப் பள்ளி ஆசிரியைக்குப் போன் போட்டுச் சொன்னாள். "தோள் வரைக்கும் மீட்டாச்சும்மா. தோளுக்குக் கீழே மனுஷனையே காணோம்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "பழைய பிரதி ஒரு செட் தசை சார்கிட்ட இருக்கு. எங்க பள்ளியில படிச்சவர்தான். இப்ப ஆஸ்பத்திரியில மசாஜ் பிரிவுல இருக்கார். ஆனா கடன் குடுக்கமாட்டார். யாருக்குமே குடுக்கிறதில்லை."

தசை சார் போனை எடுத்ததும், "யாரு, காந்தமா?" என்றார். அவரை அவளுக்குத் தெரியாது. அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

"புத்தகம் என் கையை விட்டுப் போகாது. வேணும்னா நான் வந்து வாசிக்கிறேன். நீங்க அடிச்சுக்குங்க. மத்தியானம் ட்யூட்டி முடிஞ்சு வருவேன். காத்திருக்க வைக்காதீங்க."

வந்தார். நெடிய உருவம், அகன்ற கை, ஒரு கையில் மடக்குக் கோல், தோளில் இரண்டு கனத்த தொகுதிகள் அடங்கிய பை. மேசையைத் தடவி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, கைக்குட்டையால் துடைத்து, அதற்கப்புறம்தான் புத்தகத்தை வெளியே எடுத்தார். விரலை வைத்து மளமளவென்று வாசிக்க ஆரம்பித்தார்.

"மெதுவா சார். நான் விரலால அடிக்கிறேன்."

"நானும் விரலாலதான் வாசிக்கிறேன். உங்களுக்குப் பத்து இருக்கு, எனக்கு ஒண்ணுதான்."

முதல் நாள் முழுக்க இப்படியே போனது. அவர் வேகமாக வாசிப்பார். அவள் நிறுத்தச் சொல்வாள். அவர் பெருமூச்சு விடுவார். விலா எலும்புகளைக் கடந்து முதுகுக்கு வந்தார்கள். முதுகிலிருந்து இடுப்பு. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அவள் சேமித்து, ஃப்ளாப்பியை வெளியே எடுத்து, அதில் மேற்கொண்டு எதுவும் எழுத முடியாதபடி பூட்டுச் சில்லைத் தள்ளி, அடுத்ததைப் போட்டு இன்னொரு காப்பி எடுப்பாள். அந்த இடைவெளியில் அவர் மேசையில் தாளம் போடுவார்.

"இன்னும் எத்தனை தடவைதான் உள்ள போட்டு வெளிய எடுப்பீங்க?"

"நீங்க உங்க புத்தகத்தைத் துடைக்கிற தடவையை விடக் கம்மிதான்."

கெண்டைக்காலைப் பற்றிய குறிப்பு ஒன்று தொகுதியின் முன்பகுதியிலேயே ஓரிடத்தில் எட்டிப் பார்த்தது. அங்கே அவர் நிறுத்தினார். "இதைக் கேளுங்க. 'கெண்டைக்கால் தசை முழங்கைக்குச் சற்று மேலே தொடங்குகிறது.' முழங்கை! இது யார் அடிச்சது?"

அவள் அடித்ததுதான். முழங்கால் என்று இருக்க வேண்டியது.

"வருஷா வருஷம் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு இதைத் திருத்திச் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒருத்தன் பரீட்சையில அப்படியே எழுதிட்டான். அவனுக்குக் கெண்டைக்கால் முழங்கையிலேருந்து தொங்குது."

"அப்பவே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே சார்!"

"போன் பண்ணினேனே. 'போன் ரிசீவர்ல காந்தம் இருக்கு, கம்ப்யூட்டர் பக்கத்துல வெச்சுப் பேச முடியாது'ன்னு சொல்லி வெச்சிட்டீங்க. திரும்பக் கூப்பிடவே இல்லை."

பைண்டர் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்று அடித்த பாடத்தைச் சேமிக்கப் போனால், அவசரத்தில் பூட்டிய ஃப்ளாப்பியையே உள்ளே போட்டிருந்தாள். எழுத மாட்டேன் என்றது. அவள் எதையோ அழுத்த, அடித்த ஒரு பக்கம் காணாமல் போயிற்று. "உள்ளதும் போச்சுடா..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நொள்ளைக்கண்ணா" என்று முடித்தார் தசை சார். "சொல்லுங்க. நான் கேட்காத பழமொழியா?" என்று சொல்லிவிட்டு, அவரே முதலில் சிரித்தார். அவளுக்குக் காது சூடாகியது. அந்தப் பக்கத்தை அவர் முணுமுணுக்காமல் மறுபடி வாசித்தார்.

எல்லாம் சுமுகமாகப் போகிறது என்று நினைத்த வேளையில்தான் அது நடந்தது. காலி ஃப்ளாப்பி தேவைப்பட்டது. அவள் மரப்பெட்டியைத் தூக்கி, கைக்கு எட்டிய இடத்தில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தண்ணீர் குடிக்கப் போயிருந்த தசை சார் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தில் விரல் வைக்கப் போனவரின் கை பெட்டியில் முட்டியது.

"என்ன வெச்சிருக்கீங்க இது மேல?"

அவள் சட்டென்று பெட்டியைத் தூக்கினாள். அவர் அந்தப் பக்கத்தைத் தடவினார். இன்னொரு முறை தடவினார். தொடையின் பின்பக்கத் தசைகள் பற்றிய பக்கம். ஏற்கெனவே தேய்ந்திருந்த புள்ளிகள். பெட்டியும் அவள் முழங்கையும் சேர்ந்து மேல்பாதியைத் தகடாக்கியிருந்தன.

"ஊர் பூரா காந்தம் காந்தம்னு கத்துறீங்களே. உங்க சதுரத்து மேல ஒரு ஊசி விழுந்தா உலகம் இருண்டுடும். என்னோட புள்ளிக்குக் காந்தம் நீங்கதான்!"

செயலாளரிடமும் ஸ்டேப்ளர் பெண்ணிடமும் பைண்டர் அண்ணனிடமும் சொல்லச் சொல்லத் தீராத வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. அவர் தொகுதியைப் பையில் போட்டு, கோலை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. புத்தகம் இடுப்போடு நின்றது. "அவ்வளவு கோபம் எதுக்கு? தெரியாம வெச்சதுதானே" என்று அவள் வீட்டில் பொரிந்தாள். புருஷன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல், "நானும் அந்த ரப்பர் பட்டையைத் தெரியாமதான் உள்ள கொண்டுவந்தேன். வாசல்ல நின்னே சாப்பிட்டேன் அன்னிக்கு" என்றார். சமாதானத்துக்கு இவரிடம் வந்ததே தப்பு என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த நாள் அச்சகத்துக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மசாஜ் பிரிவு ஒரு நீள அறை. திரைச்சீலை தொங்கும் கட்டில்கள், தைல வாசனை. தசை சார் ஒரு லாரி டிரைவரின் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "இங்க இழுக்குதா? இங்க?" அந்த அகன்ற கை, கோபம் என்றால் என்னவென்றே அறியாத கையாக இருந்தது. சுவர் ஓரத்தில் அவருடைய தொகுதிகள், சாய்ந்து விழாமல் இரு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து, நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

டிரைவர் எழுந்து போனதும் அவள், "நான்தான் சார்" என்றாள்.

"தெரியும். உங்க செருப்புச் சத்தம்."

"தப்பு என்னோடதுதான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "முன்னால ஒருத்தருக்குக் கடன் குடுத்தேன். படுக்க வெச்சு அடுக்கி, மேல அரிசி மூட்டையை வெச்சிருந்தார். திரும்பி வந்தப்ப பாதத்தைப் பத்தின பாடத்துல பாதி இல்லை. திட்டினா, 'என்ன சார், வெறும் தாள்தானே'ன்னார். அதுக்கப்புறம் யாருக்கும் தர்றதில்லை."

"எங்க இடத்துல 'வெறும் பிளாஸ்டிக் தானே'ம்பாங்க" என்றாள்.

"நாளைக்கு வர்றேன். மேசையில எதுவும் இருக்கக்கூடாது."

"கம்ப்யூட்டர் இருக்கலாமா சார்?"

"அது உங்க பாடு."

வந்தார். நசுங்கிய பக்கத்தில் எட்டு வரி வெறும் தாளாகத்தான் இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் குழி தெரிகிறதா என்று பார்த்தார், நகத்தால் வருடினார், சில எழுத்துகள் வந்தன, சில வரவில்லை. கடைசியில், "தசைங்க எனக்குத் தெரியும். எந்த வரிசையில, எந்த இடத்துலேருந்து பிடிக்கணும்னு அந்த வாத்தியார் சொன்னாரோ, அந்த வரிசைதான் சந்தேகம். யாராவது ஒருத்தர் படுத்தா கை தானா சொல்லும்" என்றார்.

அவள் பைண்டர் அண்ணனைப் பார்த்தாள். அவர் கட்டிங் மெஷினைப் பார்த்தார்.

"அண்ணே."

"எனக்கு நிறைய வேலை இருக்கும்மா."

"அண்ணே!"

பைண்டிங் மேசையைத் துடைத்து, அதன்மேல் அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். தசை சார் தொடையின் பின்பக்கம் கையை வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, எழும்பிய தசையைக் கட்டைவிரலால் அழுத்தினார். "ஆ!" என்றார் பைண்டர் அண்ணன். "இது வெளிப்பக்கம். எழுதுங்க. இங்கேருந்து உள்பக்கம்." "ஆ, ஆ!" "ஆ-வை எழுத வேண்டாம்" என்றார் தசை சார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தாள். தொடை முடிந்ததும், அரிசி மூட்டையில் போன பாதத்தையும் கையோடு பார்த்துவிடலாம் என்றார் அவர். பைண்டர் அண்ணனுக்குப் பாதத்தில் கூச்சம். பிடிக்கிற இடமெல்லாம் உதைத்தார். பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. விற்பனைப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். இப்படியாக அந்தப் புத்தகத்துக்குக் கால் முளைத்தது.

அவள் அடித்ததை எல்லாம் தசை சாரே ஒரு பிரதி குத்தித் தரச் சொல்லித் தடவிப் பார்த்தார். கெண்டைக்கால் முழங்காலில் தொடங்கியது. பாதத்தில் மூன்று இடங்களில் மூல ஆசிரியர் சொன்னது இதுவாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் சொன்னது தப்பும் இல்லை, விட்டுவிடலாம் என்றார். ஃப்ளாப்பிகள் அச்சகத்துக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, பயிற்சிப் பள்ளிக்கு ஒன்று என்று பிரிந்தன. பைண்டர் அண்ணனை உட்கார வைத்து, எது கூடாது என்பதோடு ஏன் கூடாது என்பதையும் அவள் ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாள். அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அவளுக்கே விடை தெரியவில்லை. அதில் அவளுக்கு வந்த எரிச்சல் வேறு கதை.

புள்ளி மெஷின் ஒரு வாரம் நிற்காமல் குத்தியது. பைண்டர் அண்ணன் நொண்டி நொண்டி நடந்தபடியே தைத்து முடித்தார். பள்ளியில் வகுப்பு தாமதமாகத்தான் தொடங்கியது. ஆனால் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் முழு உடம்பு இருந்தது. தசை சாரும் தனக்கென்று ஒரு புது செட் வாங்கிக்கொண்டார். பழையதைத் தூக்கிப் போடவில்லை.

வகுப்பு தொடங்கிய சில நாளில் போன் வந்தது. காந்தம் எழுந்து, அறையின் மறுமூலையில் இருந்த போனை எடுத்தாள். யாரோ ஒரு பெண், குரலில் தயக்கம்.

"மேடம், இரண்டாவது தொகுதியில இடுப்புப் பாடம்... நான் புதுசா கத்துக்கிறேன், என் தப்பான்னு தெரியலை. எந்த எழுத்துமே சரியா வரலை. பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டேன், அவங்களுக்கும் அப்படித்தான். அப்புறம் சும்மா புத்தகத்தைத் திருப்பிப் பிடிச்சேன், வாசிக்க வந்துடுச்சு."

"எத்தனை பக்கம்மா?"

"பாடம் முழுக்க மேடம். தலைகீழா தைச்சிருக்கு."

"எல்லாப் பிரதியிலயுமா?"

"எங்க வகுப்புல எல்லார்கிட்டயும்."

"நீ இடுப்பை விட்டுட்டு முதுகைப் படிச்சுக்கிட்டு இரு தாயி. நாளைக்கு ஆளே வரும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே!"

கட்டிங் மெஷின் நின்றது.